விழவில்லை, இறங்கினாள்

சோழமண்டலத்தில் எழுபதைத் தொட்ட பிறகு கடல் கடந்து போய், மலையிலிருந்து உருண்டு வரும் ஆற்றில் ரப்பர் படகு விட்ட பெண்கள் இதுவரை இரண்டே பேர்தான். ஒருத்தி என் நாத்தனார் பிரகதாம்பாள், இன்னொருத்தி நான். இதில் மிகை இருக்கிறது என்பதை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சோழமண்டலம் முழுவதும் நான் விசாரிக்கவில்லை. பூதலூர் தாலுகாவில்கூட விசாரிக்கவில்லை. எங்கள் தெருவில் கேட்டேன், வேறு யாரும் போனதில்லை என்றார்கள். அந்த ஆறும் மலையிலிருந்து வந்தது உண்மைதான் என்றாலும், எங்களைப் படகில் ஏற்றிய இடத்தில் கொஞ்சம் களைத்துப்போய்த்தான் இருந்தது. நான் தஞ்சாவூரில் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவள். எந்த ஆறு எந்த இடத்தில் களைக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லும்போது அதைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டுத்தான் சொல்வேன்.

என் புராணம் இவ்வளவு போதும். இது பிரகதாவைப் பற்றியது.

பிரகதா, காலமான என் கணவரின் தங்கை. பூதலூருக்குத் தெற்கே, புது ஆற்றுப் பாசனத்தில் அவளுக்கு ஒன்பது மா நிலம். ஏக்கர் கணக்கு கேட்பவர்களுக்கு மூன்று ஏக்கர். அவள் கணவர் ரெங்கசாமி கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் சேற்றில் இறங்கினால் அவருக்குக் காலில் அரிக்கும். ஆகையால் அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே நிலம் பிரகதாவின் பொறுப்பாகத்தான் இருந்தது. அவர் போன பிறகு ஊரில் பலபேர், "இனிமே என்ன பண்ணப் போற?" என்று துக்கம் கேட்டார்கள். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "சம்பாவுக்கு நாத்து விடணும்" என்றாள்.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பேச்சு குறைவு. ஆட்களை வேலைக்கு வைத்தால் அதிகாரம் பண்ணத் தெரியாது. தானே முதலில் இறங்கிச் செய்ய ஆரம்பித்துவிடுவாள், மற்றவர்கள் வெட்கப்பட்டுப் பின்னாலேயே வருவார்கள். இதை நிர்வாகத் திறமை என்று நான் சொல்வேன். அவள், "நின்னு பாத்துக்கிட்டிருந்தா கால் வலிக்குது அண்ணி, அதான்" என்பாள்.

எங்கள் பக்கத்தில் வாய்க்கால் கரை உடைத்துக்கொண்டால் ஒரு வழக்கம் உண்டு. முதலில் யார் பார்க்கிறாரோ அவர் இறங்கிவிட வேண்டும். உடைப்பு வாயில் முதுகைக் கொடுத்து, காலை அகட்டி ஊன்றி நிற்பார். ஒரு ஆள் நின்றால் தண்ணீர் நின்றுவிடாது, ஆனால் ஓட்டம் சற்றுத் தயங்கும். அந்தத் தயக்கத்துக்குள் மற்றவர்கள் வைக்கோலையும் மண் மூட்டையையும் கொண்டு வந்து போட்டுவிடுவார்கள். கரையில் நின்றபடி யோசனை சொல்கிறவனை ஊரில் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். ஒரு பெருமழை வருஷத்தில் அப்படி ஓர் உடைப்பை முதலில் பார்த்தவள் பிரகதா. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினவள், ஆட்கள் வந்து சேரும்வரை மார்பளவு தண்ணீரில் நின்றாள். எவ்வளவு நேரம் என்று நான் சொல்ல மாட்டேன். நான் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அது கூடிக்கொண்டே போகிறது.

இப்படிப்பட்டவள் போன தை மாத அறுவடையின்போது காய்ந்த வரப்பில் நடக்கும்போது விழுந்துவிட்டாள். மழை இல்லை, சேறு இல்லை. சும்மா விழுந்தாள். இடுப்பில் அடி. எழுந்திருக்க முடியவில்லை. அறுவடை மெஷின் ஓட்டுகிறவர் அந்தப் பக்கம் திரும்பியபோதுதான் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்தாள், அவ்வளவுதான். என்னிடம் சொல்லவில்லை. மலேசியாவில் ஈப்போவில் தொழிற்சாலை ஒன்றில் எஞ்சினியராக இருக்கும் ஒரே மகன் தமிழ்மாறனிடமும் சொல்லவில்லை. உரக்கடை இராஜாங்கம் வேறு எதற்கோ அவனோடு பேசும்போது, "அம்மாவுக்கு இப்ப இடுப்பு தேவலாமா?" என்று கேட்டுவிட்டார். தமிழ்மாறன் உடனே அம்மாவைக் கூப்பிட்டான்.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவ? போன்லயே வந்து தூக்குவியா?"

அடுத்த வாரம் இரண்டு டிக்கெட் வந்தது. ஒன்று அம்மாவுக்கு, ஒன்று துணைக்கு என்று எனக்கு. சித்திரையில் திருச்சியில் விமானம் ஏறினோம்.

ஈப்போவில் தமிழ்மாறனின் வீடு ஒரு அடுக்குமாடியின் உச்சியில். சன்னலைத் திறந்தால் சுண்ணாம்புக் குன்றுகள், பச்சைப் போர்வை போர்த்தி நிற்கும். மருமகள் ஷோபனா எங்களை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினாள். தினமும் சாயங்காலம் மழை கொட்டியது. பிரகதா பால்கனியில் நின்று, அந்த மழையெல்லாம் சாக்கடையில் விழுந்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "மேட்டூர்ல எத்தனை அடி அண்ணி?" நான் போனில் பார்த்துச் சொல்வேன். அவள் மனதில் கணக்குப் போட்டுக்கொள்வாள். ஜூன் பன்னிரண்டில் அணை திறந்தால் நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வரும், அதற்குமுன் நாற்றங்கால் எப்படித் தயாராக இருக்க வேண்டும் என்ற கணக்கு.

மே மாதக் கடைசியில் ஒரு காலை, தோசைக்கு நடுவில், தமிழ்மாறன் பேச்சை எடுத்தான்.

"அம்மா, இந்தக் குறுவையிலேருந்து நிலத்தைப் பக்கத்து வயல் சேக் தாவூது மாமாகிட்ட குத்தகைக்கு விட்டுடலாம்னு இருக்கேன். அவரும் சரின்னுட்டாரு. நீ இங்கயே இரு. விசாவை நீட்டிக்க எழுதிப் போடறேன்."

பிரகதா தோசையைப் பிய்த்தபடி, "யாரைக் கேட்டு?" என்றாள்.

"நீ வரப்புல கிடந்தியே, அது யாரைக் கேட்டு?"

"சேக் தாவூது நல்ல மனுஷன்தான். நிலத்தைப் பாழாக்க மாட்டாரு. ஆனா நான் இன்னும் இருக்கேன்ல."

"இருக்கணும்னுதாம்மா சொல்றேன்."

பிரகதா தட்டைக் கழுவப் போய்விட்டாள். இருவர் பக்கமும் நியாயம் இருந்தால் சண்டை சத்தமில்லாமல்தான் நடக்கும் போலிருக்கிறது. அன்று முழுவதும் அந்த வீட்டில் மின்விசிறி சத்தம்தான் கேட்டது.

இந்த இடத்தில்தான் பிறந்தநாள் வந்து சேர்ந்தது. பிரகதாவுக்கு அந்த வாரம் எழுபது என்பது பாஸ்போர்ட் கணக்கு. பள்ளியில் சேர்த்தபோது தேதி தெரியாததால் தலைமையாசிரியர் மே மாதத்தில் ஒன்றைப் போட்டுவிட்டார். உண்மையில் அவள் பிறந்தது புரட்டாசியில், சம்பா நடவுக்கு நடுவில். வீட்டில் ஒருவருக்கும் அவளைக் கொண்டாட நேரம் இருந்ததில்லை. ஷோபனா, "பாஸ்போர்ட்டு பர்த்டேயாவது கொண்டாடுவோம் அத்தை" என்று ஏற்பாடு செய்திருந்தாள். ஈப்போவுக்குத் தெற்கே ஒரு ஆற்றங்கரை. அங்கே தமிழ்மாறன் ரப்பர் படகில் போவான், நாங்கள் மூவரும் படகு வந்து சேரும் இடத்தில் கூடாரத்தில் உட்கார்ந்து கேக் சாப்பிடுவோம். இதுதான் திட்டம்.

ஷோபனா போனில் அந்தப் படகுப் பயணத்தின் வீடியோவைக் காட்டினாள். பிரகதா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள்.

"இதுல போறவங்க விழுவாங்களா?"

"சில பேரு விழுவாங்க அத்தை. சட்டை மாதிரி ஒண்ணு குடுப்பாங்க, மிதக்கும்."

"எல்லாரும் விழுவாங்களா?"

"இல்ல இல்ல. சில பேருதான்."

பிரகதா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மகனைப் பார்த்தாள். "மாறா, நானும் ஏறறேன். விழாம கரை சேந்துட்டா டிக்கெட் போட்டுக் குடுத்துடு. மேட்டூர் தெறக்கும்போது நான் நாத்தங்கால்ல இருக்கணும். விழுந்துட்டா இங்கயே இருந்துக்கறேன். குத்தகைக்கு நானே கையெழுத்துப் போடறேன்."

"வெளையாடறியா?"

"உனக்கு என் காலு நிக்குமா நிக்காதான்னுதானே சந்தேகம். பாத்துக்க."

அவன் என் பக்கம் திரும்பினான். "அத்தை, நீங்களாவது சொல்லுங்க."

"நானும் ஏறறேன்" என்றேன். அதைத் தைரியம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கரையில் உட்கார்ந்து கேக் தின்றால் ஊரில் வந்து சொல்ல என்னிடம் என்ன இருக்கும்?

அவன் கடைசியில் சரி என்றான். தண்ணீரை நேரில் பார்த்ததும் அம்மா பின்வாங்கிவிடுவாள் என்று நினைத்தான். பூதலூர்ப் பெண்ணைப் பற்றிப் பூதலூரில் பிறந்தவனே இப்படித் தப்பாக நினைத்தது எனக்கு வருத்தம்தான்.

ஆற்றங்கரையில் எங்களை வரவேற்ற வழிகாட்டி மலேசியத் தமிழர், பெயர் குணசேகரன். நல்ல கறுப்பு, நல்ல பல், பேச்சுக்கு நடுவில் அந்த ஊர் 'லா'. வந்ததும் வராததுமாக, "பசியாறிட்டீங்களா?" என்றார். அதிராம்பட்டினத்தில் என் சிநேகிதி ஜன்னத் பீவி வீட்டுக்குப் போனால் கேட்கிற அதே வார்த்தை. அந்த ஒரு வார்த்தையில் அந்நிய தேசம் என்கிற நினைப்பு பாதி கழன்றுவிட்டது.

"எழுபது வயசு வரைக்கும்தான் ஏத்துவோம் லா. உங்களுக்கு என்னா வயசு பாட்டி?"

"இன்னைக்குத்தான் எழுபது" என்றாள் பிரகதா.

"உங்களுக்கு?"

"அறுபத்தெட்டு" என்றேன். பிரகதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளைவிட மூன்று வயது மூத்தவள் நான். தலைமையாசிரியர்கள் போடுகிற தேதியை ஆசிரியை போடக் கூடாதா?

ஷோபனாவின் கால்சட்டை, தமிழ்மாறனின் பனியன், மிதவைச் சட்டை, கொண்டைக்கு மேல் ஹெல்மெட். பிரகதா அந்த வேஷத்திலும் நடவுக்குப் போகிறவள் மாதிரியே நடந்தாள். குணசேகரன் துடுப்புகளைக் கொடுத்து, எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணு மறக்காதீங்க. தண்ணில விழுந்தா நிக்கப் பார்க்காதீங்க. மல்லாந்து படுத்து, காலை மேல தூக்கி, தண்ணியோட போங்க. நான் வந்து புடிப்பேன். அடில கல்லு. காலை ஊனுனா மாட்டிக்கும், தண்ணி மேல வந்து அமுக்கிடும். புரியுதா?"

எல்லோரும் புரிகிறது என்றோம். பிரகதாவும் தலையாட்டினாள்.

ஏறுமுன் அவள் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மிச்சத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அடியில் கை ரேகை தெரிந்தது. "வண்டலே இல்லியே" என்றாள். "இது எந்த வயலுக்குப் பாயுது தம்பி?"

"வயலுக்கா? இல்ல பாட்டி, இந்தப் பக்கம் வயலே கிடையாது. இப்படியே கீழ போயி பெரிய ஆத்துல சேர்ந்து கடலுக்குப் போயிடும்."

"எதுக்கும் பாயாமலா?"

குணசேகரன் யோசித்தார். அவரிடம் அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "படகுக்குத்தான்" என்றார்.

படகு கிளம்பியது. முன்னால் தமிழ்மாறனும், பக்கத்தில் எங்களோடு சேர்த்துவிட்ட ஒரு சீனப் பெண்ணும். நடுவில் பிரகதா. பின்னால் குணசேகரனுக்குப் பக்கத்தில் நான். எல்லோருக்கும் தைரியம் சொல்வதற்கு அதுதான் வசதியான இடம். "முன்னால தள்ளுங்க" என்று குணசேகரன் குரல் கொடுக்க, பிரகதாவின் துடுப்பு மட்டும் எதிர்ப்பக்கம் தள்ளியது.

"பாட்டி, முன்னால."

"நடவுல பின்னாடியே போயிப் பழக்கம் தம்பி. இரு, மாத்திக்கறேன்."

முதல் சரிவில் படகு குதித்தது. இரண்டாவது சரிவில் தண்ணீர் எங்கள் தலைக்கு மேல் ஒரு தென்னைமர உயரம் எழுந்தது. சரி, ஒரு வாழைமர உயரம். பிரகதா துடுப்பை மடியில் வைத்து, ஓரத்துக் கயிற்றைப் பிடித்து, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு சரிவும் முடிந்ததும் தமிழ்மாறன் திரும்பி அம்மாவைப் பார்ப்பான். அவள் அங்கேயே இருப்பாள். அவன் முகத்தில் நிம்மதியும் ஏமாற்றமும் ஒரே சமயத்தில் வந்து போயின. ஒரு பிள்ளை அம்மா ஜெயிக்கவும் வேண்டும், தோற்கவும் வேண்டும் என்று நினைப்பதை நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

மூன்றாவது சரிவில் படகு ஒரு பாறையில் மோதிச் சாய்ந்து நின்றுவிட்டது. மோதிய வேகத்தில் அந்தச் சீனப் பெண் முன்னாலிருந்து தண்ணீரில் விழுந்தாள். கண்ணாடி ஆற்றோடு போயிற்று. மல்லாந்து படுக்க வேண்டும், காலைத் தூக்க வேண்டும் என்று அவளுக்கும்தான் சொல்லியிருந்தார்கள். அவள் ஒன்றையும் செய்யவில்லை. கைகளை ஆட்டிக்கொண்டு, தண்ணீருக்கு மேல் வாய் வந்த நேரமெல்லாம் ஏதோ பேசிக்கொண்டே, படகின் ஓரமாக அடித்துக்கொண்டு போனாள்.

"யாரும் எழுந்திரிக்காதீங்க" என்று கத்தியபடி குணசேகரன் விழுந்தவருக்கு வீசுகிற கயிற்றுப் பையை எடுத்தார். அதற்குள் பிரகதா இறங்கிவிட்டாள்.

நான் நன்றாகப் பார்த்தேன். அவள் தடுமாறவில்லை, வழுக்கவில்லை. ஒரு கையால் ஓரக் கயிற்றைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மறு காலை வைத்து, வாய்க்காலில் இறங்குகிற மாதிரி இறங்கினாள். தண்ணீர் இடுப்பளவுதான். முதுகைத் தண்ணீருக்குக் கொடுத்து, காலை அகட்டி ஊன்றினாள். அடித்துக்கொண்டு வந்தவள் அந்த முதுகில் மோதி நின்றாள். பிரகதா கையைப் பின்னால் விட்டு மிதவைச் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். குணசேகரனின் கயிறு வந்தது. இழுத்துப் படகில் போட்டார்கள்.

அதன்பிறகுதான் பிரகதாவின் முகம் மாறியது.

"அம்மா, ஏறு."

அவள் ஏறவில்லை.

"அம்மா, காலை எடு."

"வரல" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

வலது பாதம் இரண்டு கல்லுக்கு நடுவில் இறங்கி மாட்டிக்கொண்டது. தண்ணீர் முதுகில் ஏறி அவளை முன்னால் வளைத்தது. தமிழ்மாறன் படகின் ஓரத்தில் குப்புறப் படுத்து, அவள் அக்குளுக்குள் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டான். அவன் கன்னம் அவள் ஹெல்மெட்டில் அழுந்தியிருந்தது. அவள் தோளுக்கு மேல் தண்ணீர் வந்து போனது. குணசேகரன் மறுபக்கம் இறங்கி, பாறையைப் பிடித்துக்கொண்டு கையை அடியில் விட்டார். "கால் எப்படி நுழைஞ்சிச்சோ அந்தப் பக்கமாவே எடுக்கணும். முன்னால இழுக்காதீங்க" என்றார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. இதை மட்டும் நான் கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன். ரப்பர் செருப்பை ஆறு வைத்துக்கொண்டு காலை மட்டும் கொடுத்தது.

குணசேகரன் பாறையை உதைத்துப் படகை விடுவித்தார்.

கரையில் ஷோபனா கூடாரத்தில் கேக்கோடு நின்றாள். எங்கள் முகங்களைப் பார்த்ததும் மெழுகுவர்த்தியை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டாள். பிரகதாவை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கணுக்கால் வீங்க ஆரம்பித்திருந்தது. தமிழ்மாறன் ஈரத்தோடு எதிரே நின்றான்.

"விழுந்துட்ட" என்றான்.

"விழல. இறங்கினேன்."

"தண்ணிக்குள்ள இருந்தியா இல்லையா?"

"இருந்தேன். இறங்கித்தான் இருந்தேன்."

"குணா, நீங்க சொல்லுங்க. இது விழுந்ததா இல்லையா?"

குணசேகரன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "அண்ணே, நான் படகுக்குத்தான் வழி காட்டுவேன், குடும்பத்துக்கு இல்ல லா" என்றார். பிறகு பிரகதாவிடம், "ஆனா பாட்டி, நிக்காதீங்கன்னு சொன்னேன்ல. இன்னும் கொஞ்சம் தண்ணி வந்திருந்தா நானே ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார். குரலில் கோபம் இருந்தது. பயந்த மனிதனின் கோபம்.

"தப்புதான் தம்பி" என்றாள் பிரகதா.

கொஞ்ச நேரம் கணுக்காலையே தடவிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிராமலே பேசினாள்.

"மாறா, நம்ம ஊரு வாய்க்காலா நெனச்சுக்கிட்டு இறங்கிட்டேன். அங்க கால வெச்சா மண்ணு கொஞ்சம் எடம் குடுக்கும். அசைச்சா விட்டுடும். இங்க கல்லு. புடிச்சா புடிச்சதுதான். பயந்துட்டேன். உன்னைக் கூப்பிடணும்னு நெனச்சேன். வாய் வரல. பழக்கமில்ல."

தமிழ்மாறன் புல்தரையில் அவள் காலடியில் உட்கார்ந்தான். "வரப்புல கிடந்தப்ப?"

"அப்பவும் பயந்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா நிலத்தை விட்டுட்டு வான்னு சொல்லுவ."

"நீ சொல்லாததுனாலதானம்மா விட்டுட்டு வான்னேன். நீ விழுறது எனக்குப் பயமில்ல. விழுந்துட்டு யாருகிட்டயும் சொல்லாம எண்ணெய் தேச்சுக்கிட்டுப் படுப்பியே, அதுதான். மெஷின்காரன் திரும்பாம போயிருந்தா இராஜாங்கம் மாமா எனக்குப் போன் பண்ணி வேற என்னத்தையோ சொல்லியிருப்பாரு."

பிரகதா அவன் ஈரத்தலையில் கை வைத்தாள். என் நாத்தனாரைக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். பயந்தேன் என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. உடைப்பில் நின்ற அன்றும் பயந்திருப்பாள், அதைச் சொல்ல ஆள் இல்லை. இறங்குவதற்கு நம் ஊரில் வழக்கம் இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இறங்கினபின் கை கொடு என்று கேட்பதற்கு ஒரு வழக்கத்தை யாரும் ஏற்படுத்தி வைக்கவில்லை. அதை அவள் எழுபதாவது வயதில், எந்த வயலுக்கும் பாயாத ஒரு தண்ணீரில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

தமிழ்மாறன் எழுந்தான். "பந்தயம் ஜெயிச்சியா தோத்தியான்னு எனக்குத் தெரியல. டிக்கெட் போடறேன். ஆனா முறைத் தண்ணி பாய்ச்ச ராத்திரியில நீ போகக் கூடாது, ஆள் விடணும். வழுக்கினாக்கூட அன்னைக்கே எனக்குச் சொல்லணும். தனியா இருக்கக் கூடாது."

"சரி."

"சரின்னா? தனியா இல்லாம யாரு கூட இருப்ப?"

அந்த இடத்தில்தான் நான் பெரிய மனசு பண்ணினேன். தஞ்சாவூர் வீட்டைப் பூட்டிவிட்டுப் பூதலூருக்கு வந்து பிரகதாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். தமிழ்மாறனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஷோபனா மெழுகுவர்த்தியைத் திரும்ப எடுத்தாள். பிரகதா கேக்கை வெட்டி முதல் துண்டைக் குணசேகரனுக்குக் கொடுத்தாள்.

இப்போது நாங்கள் பூதலூரில் இருக்கிறோம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. குறுவை நட்டாகிவிட்டது, பச்சை பிடித்துவிட்டது. சேக் தாவூது வரப்பு வழியாகப் போகும்போதெல்லாம், "என்னக்கா, என் குத்தகையைக் கெடுத்துட்டீங்களே" என்று சிரித்துவிட்டுப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை தமிழ்மாறன் கூப்பிட்டால் பிரகதா நலம் விசாரிப்பதற்குமுன், "இந்த வாரம் ஒரு தடவை வழுக்கிச்சு, விழல. முட்டி வலி இருக்கு, பொறுக்கற அளவுதான்" என்று ஒப்பித்துவிடுகிறாள். முதல் இரண்டு வாரம் அந்த வார்த்தைகளை அவள் முழுங்கி முழுங்கிச் சொன்னாள். இப்போது சரளமாக வருகிறது. அவனும் அங்கேயிருந்து தன் முதுகு வலியைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறான்.

இவ்வளவையும் எழுதி முடித்து, முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த பிரகதாவுக்குப் படித்துக் காட்டினேன். முறத்தை நிறுத்தாமல் முழுவதையும் கேட்டாள். கடைசியில் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணி. ஆனா அந்தச் சீனப் பொண்ணு நமக்கு முன்னாடி போன படகுல இருந்துச்சு, அது விழவே இல்ல. மாறன் பக்கத்துல உக்காந்திருந்ததும் நீங்க, விழுந்ததும் நீங்க, கண்ணாடி போனதும் உங்களுதுதான். அப்புறம் டிக்கெட் விஷயம். அண்ணி தஞ்சாவூர்ல தனியா கெடக்காங்கடா, அவங்களை நான்தான் கூட்டிட்டுப் போயி வெச்சுப் பாத்துக்கணும்னு நான் சொன்ன பிறகுதான் அவன் சம்மதிச்சான்."